கதவு திறந்தால் ஒரு வாய்

எங்கள் வீட்டில் யாருக்கும் பசிக்காது. பசி வருவதற்கு முன்னாலேயே அத்தை தட்டோடு வந்துவிடுவார். அத்தை என்றால் என் மாமியார். முப்பத்தைந்து வயது மகன் டிவி பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் நின்று ஒரு கவளத்தை நீட்டுவார். என் வீட்டுக்காரரும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறப்பார். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளை பிறந்த பிறகு வரவில்லை.

பிள்ளைக்கு இரண்டரை வயது. உருண்டையாகப் பிறந்ததால் பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்தோம், அதுவே நிலைத்துவிட்டது. பட்டாணி சாப்பிடுவது லிஃப்டில். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் வீறிட்டு அழுதவனை அத்தை லிஃப்டில் தூக்கிக்கொண்டு போனார். கதவு தானாகத் திறந்ததைப் பார்த்து அவன் வாயைப் பிளந்தான். அத்தை சும்மா இருப்பாரா? கையோடு கொண்டுபோயிருந்த கிண்ணத்திலிருந்து ஒரு வாய் வைத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்த வினை இது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. அங்கிருந்து கீழே, கீழேயிருந்து ஐந்தாவது மாடி, மறுபடி கீழே. மாடிக்கு ஒரு வாய். கதவு திறந்தால் வாய் திறக்கும், கதவு மூடினால் வாயும் மூடிக்கொள்ளும். ஆபீஸ் பையோடு அவசரமாக ஏறுகிறவர்கள்கூட "ஆ காட்டு ராஜா" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இதில் நான் தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. நான் லிஃப்ட் மெக்கானிக்.

பாதி மாடியில் மாட்டிக்கொண்டு கூச்சல் போடுகிறவர்களை வெளியே எடுப்பது என் பிழைப்பு. வெளியே நிற்கிற சொந்தக்காரர்கள்தான் எப்போதும் பெரிய தொல்லை. ஸ்குரு டிரைவர், கரண்டி, குடைக்கம்பு என்று எது கிடைக்கிறதோ அதை விட்டு நெம்புவார்கள். கையை எடுங்க, கதவை நெம்பாதீங்க, அது திறக்கிற வழியில திறக்கும் என்று நான் கத்துவேன். ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிற நான், வீட்டில் என் பிள்ளை வாயை ஆள் ஆளுக்கு நெம்புவதை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்காக எடுத்திருந்த லீவு முடியப்போகிறது. திங்கட்கிழமை வரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பட்டாணியைச் சேர்க்கத் தெருமுனையில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்துக்குப் போனேன். அங்கே இருந்த மிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். லிஃப்ட் கதை தெரு முழுக்கத் தெரியும் போலிருக்கிறது.

"இங்க லிஃப்ட் கிடையாதும்மா. உக்காந்து தன் கையால சாப்பிடற பிள்ளைங்களைத்தான் நான் சேர்த்துக்கறேன். ஒருத்தன் பின்னாடி நான் ஓடினா மத்ததுங்களை யார் பாக்கறது? திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. மத்தியானம் உக்காந்து சாப்பிட்டான்னா அவனுக்கு இடம் உண்டு. இல்லேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருடம் வரை என் வேலை எனக்காகக் காத்திருக்காது. அத்தைக்கு மூட்டு வலி, நாள் முழுக்க அவனை வைத்துக்கொள்ள முடியாது. ஆக, என் பிழைப்பு ஒரு இரண்டரை வயது வாயில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சொன்னேன். "நாளையிலேருந்து மேசைலதான் சாப்பாடு. தட்டு வைப்பேன். சாப்பிட்டா சாப்பிடட்டும். இல்லேன்னா தட்டை எடுத்துடுவேன். அடுத்த வேளைதான் மறுபடி. யாரும் ஊட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, முக்கியமா லிஃப்ட் கூடாது."

"பேசாம வேலையை விட்டுடு," என்றார் அத்தை. "ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம். லிஃப்ட் எங்க ஓடிப்போகப் போகுது?"

"லிஃப்ட் ஓடாது அத்தை, ஏறி இறங்கும் அவ்வளவுதான். ஓடிப்போறது வேலை."

"பெத்த மனம் பித்துன்னு சொல்லுவாங்க. உனக்குக் கல்லா இருக்கு."

"கல்லாவே இருக்கட்டும்," என்றேன். எனக்கு வலித்தது. ஆனால் அதைக் காட்டினால் அவர் ஜெயித்துவிடுவார்.

சனிக்கிழமை காலையில் அவனுக்குப் பால் கொடுத்தேன், குடித்தான். பிறகு மேசையில் தட்டு வைத்தேன். அதில் பாதி முட்டை, வாழைப்பழத் துண்டுகள். எங்கள் மேசைக்கு நாலு நாற்காலி. நாலாவதில் எப்போதும் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி குவிந்திருக்கும், ஏனென்றால் அத்தை உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கமே இல்லை. எல்லோரும் முடித்தபிறகு, சமையலறையில் நின்றபடி, சட்டியில் ஒட்டியதையும் பிள்ளை மிச்சம் வைத்ததையும் வழித்து வாயில் போட்டுக்கொள்வார். அதற்குப் பெயர் அவருடைய சாப்பாடு.

பட்டாணி வாழைப்பழத்தைத் தரையில் தேய்த்தான். முட்டையைச் செருப்புக்குள் வைத்தான். பிறகு வாசல் கதவைக் காட்டி, "லிப்டு," என்றான். நான் தட்டை எடுத்துவிட்டேன். அவன் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். பல் முளைக்குது என்று பொய் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"அவன் சாப்பிடாம எனக்கும் தொண்டையில இறங்காது," என்று அத்தை அறிவித்துவிட்டு, அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தன் பட்டினியைக் காட்டி என்னைப் பணிய வைக்கப் பார்க்கிறார் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

மத்தியானமும் அதே கூத்து. நான் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் வீடு அமைதியாக இருக்கிறது. அத்தையைக் காணோம், பிள்ளையைக் காணோம், கிண்ணத்தையும் காணோம். வெளியே ஓடினேன். லிஃப்ட் கதவு பாதி மூடி, முட்டி, மறுபடி திறந்துகொண்டிருந்தது. உள்ளே அத்தை கிண்ணத்தைப் புடவை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு, "சும்மா காத்து வாங்க வந்தோம்," என்றார்.

"லிஃப்டுக்குள்ள என்ன அத்தை காத்து?"

குனிந்து பார்த்தேன். கதவு ஓடுகிற பள்ளம் முழுக்கச் சோறு, இரண்டு வருடச் சோறு. காய்ந்து கெட்டியாகி, கதவு அசைய இடமில்லை. ஒருபக்கம் வெட்கமாக இருந்தது, மறுபக்கம் சந்தோஷமாகவும் இருந்தது. இருவரையும் வெளியே இறக்கிவிட்டு, நேராகக் கீழே போய் மின்சாரத்தை நிறுத்தி, 'பழுது' என்ற பலகையை மாட்டினேன். கத்தியும் பிரஷும் எடுத்தால் அரைமணி வேலை. நான் சாயங்காலம் வரை எடுக்கவில்லை.

குடியிருப்புச் செயலாளர் மூச்சு வாங்கப் படியேறி வந்து கதவைத் தட்டினார். "என்னம்மா, நீயே மெக்கானிக்கு. எப்ப சரியாகும்?"

"என் பிள்ளை சாப்பிட்டதும்," என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வைக்க எனக்குப் பொறுமையும் இல்லை. படியேறினால் அவர் தொப்பைக்கும் நல்லதுதான்.

என் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேசினார். "ஒரு வாய்தானே? குடுத்துத் தொலைச்சா என்ன?"

"உங்களுக்கு எப்பவாவது பசிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார், உண்மையாகவே யோசித்தார். "ஞாபகம் இல்லையே," என்றார்.

"அதுதான் நான் சொல்றது."

பொழுது சாய்ந்தது. பட்டாணி அழுது ஓய்ந்து வாசலோரம் சுருண்டு கிடந்தான். கன்னத்தில் உப்புக் கோடு. எனக்கு உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிட்டது. நாலு பேர் சேர்ந்து தப்பென்று சொன்னால் நமக்கே தப்பாகத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. பிள்ளையைப் பட்டினி போட்டு வேலைக்குப் போகிறவள் என்று நாளைக்குப் பேசுவார்கள். பேசட்டும். ஆனால் அந்தக் கோடு என்னை என்னவோ செய்தது. இந்தத் தட்டோடு முடித்துக்கொள்வோம், அவன் தொடவில்லை என்றால் நானே லிஃப்டை ஓட்டி நானே ஊட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

சூடாகச் சோறு வைத்தேன், பருப்பு ஊற்றினேன். அப்போது அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஓடினேன். அத்தை ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன அத்தை? என்ன செய்யுது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி மெல்லச் சொன்னார். "பசிக்குது."

நான் அந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் மகனும் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். அவரும் கேட்டதில்லை.

நாலாவது நாற்காலியிலிருந்த துணியை அள்ளித் தரையில் வீசினேன். அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். முதலில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு முதல் தட்டை அவர் முன்னால் வைத்தேன். "அவன்..." என்று ஆரம்பித்தார். "முதல்ல நீங்க," என்றேன்.

அவர் சாப்பிட்டார். எங்களையெல்லாம் மறந்துவிட்டார். பருப்பு மணிக்கட்டு வரை வழிய, தலை நிமிராமல் சாப்பிட்டார். என் மாமியார் இவ்வளவு ஆசையாகச் சாப்பிடுவார் என்று யார் கண்டது?

பட்டாணி எழுந்து வந்தான். மேசை விளிம்பில் முகவாயை வைத்து, அத்தையின் வாயையே பார்த்தான். அவனுக்கு அவர் இத்தனை நாளும் ஒரு கைதான். அந்தக் கைக்குச் சொந்தமாக ஒரு வாய் இருப்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேட்ட வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னான்.

"பச்சிக்குது."

அத்தையின் கை தன்னால் ஒரு கவளத்தை உருட்டி அவன் பக்கம் நீண்டது. நான் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். பருப்பு எங்கள் இருவர் கையிலும் வழிந்தது.

"அது உங்களது அத்தை. சாப்பிடுங்க."

அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என்னை முறைத்தபடியே அந்தக் கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

பட்டாணி நாற்காலியில் தொற்றி ஏறினான். அவனுக்கென்று நான் வைத்த இன்னொரு தட்டை இழுத்துக்கொண்டு, ஐந்து விரலையும் சோற்றில் புதைத்தான். பாதி வாய்க்கு, பாதி மூக்குக்கு. நாங்கள் யாரும் அவனைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எனக்கும் பசிக்குது," என்றார் என் வீட்டுக்காரர்.

"சோறு அடுப்பு மேல இருக்கு. கை இருக்குல்ல? போட்டுக்கங்க."

சாப்பிட்டு முடித்ததும் வெளியே போய் லிஃப்டின் பள்ளத்தைச் சுரண்டினேன். ஒரு டப்பா நிறையச் சோறு வந்தது. மின்சாரத்தைப் போட்டதும் லிஃப்ட் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஞாயிற்றுக்கிழமை எல்லா வேளையும் மேசையில் நாலு பேரும் உட்கார்ந்தோம்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் கூண்டு மேல் உட்கார்ந்து கம்பிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். முதலில் மிஸ் போனில் கூப்பிட்டார். "உக்காந்து சாப்பிட்டாம்மா. பக்கத்துப் பிள்ளை தட்டுலயும் கை வெச்சுட்டான். நாளையிலேருந்து ஒழுங்கா அனுப்புங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முகமெல்லாம் கிரீஸ்.

அடுத்து அத்தை கூப்பிட்டார். அந்த நேரத்தில் அவர் அந்த வீட்டில் தனியாக இருப்பது அதுதான் முதல் தடவை. கோபமாகக் கேட்டார்.

"சமைச்சு வெச்சிட்டேன். வீட்ல யாருமே இல்லையே. யாருக்குப் போடறது?"

"என்ன அத்தை," என்றேன். "நீங்க இருக்கீங்கல்ல?"

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.