ஒன்பதாவது பாட்டு

காப்பர் லாந்தர் என்ற லண்டன் ராக் குழுவைப் பற்றிச் சண்டை போட அம்பாசமுத்திரத்தில் இரண்டு பேர் உண்டு. இரண்டு பேரும் சண்டை போடுவது என் கடையில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட ஆள் வரும்வரை ஓயமாட்டார்கள். வழியே போகிறவர்கள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

ஒருவர் தாணுமாலையன் சார். பொதுப்பணித் துறையில் பொறியாளர். எந்தக் கால்வாயில் எப்போது தண்ணீர் விடுவது என்பது அவர் கையில். பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி. இன்னொருவர் அம்பலவாணன் சார், மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே தெருக்காரர்கள். எனக்குப் பெயர் சங்கிலிபூதத்தான். பாட்டு லிஸ்ட் கொடுத்தால் கேசட்டில் பதிந்து கொடுக்கிற ரெக்கார்டிங் கடைக்காரன். ஆரம்பத்தில் கடையோடு ஒரு லைட் மியூசிக் குழுவிலும் கிதார் வாசித்தேன். கோயில் கொடைத் திருவிழாக்களில் நான் மேடை ஏறி, அறிவிப்பாளர் "கிதார், பூதத்தான்" என்று சொன்னதும் கூட்டம் சிரிக்கும். சிரித்து முடித்த பிறகு நான் வாசிப்பேன்.

சண்டைக்கு மூலகாரணம் நான்தான். அது அவர்களுக்குத் தெரியாமல் பதினேழு வருடம் போய்விட்டது.

எழுபத்தொன்பதில் மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து ஓர் அதிகாரி காப்பர் லாந்தரின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, அதைக் கேசட்டில் பதிந்து தரச் சொன்னார். ஒரு வாரம் தட்டு என்னிடம் இருந்தது. அந்த வாரத்தில் நான் வேறு எதையும் கேட்கவில்லை. மொத்தம் எட்டுப் பாட்டு. கிதார் வாசிக்கிற ராய் என்பவன் ஒரு கம்பியை இழுத்து விடுகிற தினுசில் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கென்று ஒரு பிரதி எடுத்தேன். எட்டுப் பாட்டும் முடிந்த பிறகு கேசட்டின் பின்பக்கத்தில் ஏழு நிமிடம் போல நாடா மிச்சம் இருந்தது. மற்ற கடைக்காரர்கள் மிச்ச நாடாவில் ஏதாவது சினிமாப் பாட்டை அடைத்துக் கொடுப்பார்கள். எனக்கு மனசு வரவில்லை. மத்தியான நேரம், கடையில் ஆள் இல்லை. என் கிதாரை எடுத்து மிக்சரில் சொருகி, ஆறு நிமிடம் வாசித்தேன். முன்கூட்டி எதுவும் யோசிக்கவில்லை. ஒரு வாரமாக உள்ளே போனது வெளியே வந்தது, அவ்வளவுதான்.

அதிகாரி தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் பிரதிதான் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் மூலம். முதலில் வந்தவர் தாணுமாலையன் சார். பதிந்து கொடுத்து, அட்டையில் எட்டுப் பாட்டின் பெயரையும் எழுதினேன். ஒன்பதாவதுக்கு என்ன எழுத? "இசை மட்டும்" என்று எழுதி வைத்தேன். அவர் கேட்டால் சொல்லிவிடலாம், சேர்ந்து சிரிக்கலாம் என்று இருந்தேன்.

மறுநாளே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணாச்சி, கடைசில ஒண்ணு வருதே. ராய் தனியா வாசிக்கான். நாலு தடவ கேட்டுட்டேன். இப்படி ஒருத்தன் வாசிச்சு நான் கேட்டதில்ல."

இதைக் கேட்ட பிறகு எந்த மனுஷனுக்கு வாய் திறக்கும்? அவர் அதை லண்டன்காரன் தலையில் வைத்துத்தான் கொண்டாடுகிறார். ஆனால் கொண்டாடப்படுவது நான். இன்னும் ஒரு நாள் கேட்டுக்கொள்வோம் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு நாள் ஒரு வாரமாயிற்று. அதற்குள் அவர் அம்பலவாணன் சாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அம்பலவாணன் சார் கண்ணை மூடி ஒன்பதையும் கேட்டார். எட்டும் பிரமாதம் என்றார். "நாலு பேரும் ஒருத்தன் பேசுதத ஒருத்தன் கேட்டு வாசிக்கான். அதாம்வே இவங்க பெருமை."

"கடைசி?"

"அது ஒட்டவே இல்ல. மத்த மூணு பேரும் காப்பி குடிக்கப் போயிட்டாங்க போல. போகப்போக இவன் தனியா கிடந்து உழப்புதான். அதுலயும் பாரும், மேல ஒரு சுரத்துக்கு ஏறப் போறான், பாதில நின்னு இறங்கிருதான். ஒரு தடவையில்ல, மூணு தடவ. பயந்தவன் வாசிப்பு."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை. அந்த மூன்று இடமும் எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். எங்கள் லைட் மியூசிக் குழு கலைந்து, கல்யாணமாகி, நான் கிதாரை விற்று, கடையே கதி என்று ஆன பிறகும் அந்த ஆறு நிமிடத்தின் வழக்கு மட்டும் என் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. தாணுமாலையன் சார் என்னைச் சிகரத்தில் ஏற்றுவார். அம்பலவாணன் சார் மூன்றாவது படியில் நிறுத்தி இறக்கிவிடுவார். தாணுமாலையன் சாருக்கு நான் டீ வரவழைப்பேன். அம்பலவாணன் சாருக்கும் வரும், ஆறிப்போய் வரும். அவருக்குப் பதியும்போது மட்டும், சத்தம் கொஞ்சம் மங்கட்டும் என்று டேப் ஹெட்டைத் துடைக்காமல் விட்டதுண்டு. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சொல்லிவிடலாமா என்று நினைக்காத ஞாயிறு இல்லை. பணத்தையோ பேரையோ நான் எதிர்பார்க்கவில்லை. நான் வாசித்தது தேறுமா தேறாதா, அது ஒன்று தெரிந்தால் போதும். ஆனால் சொன்னால் தெரியாமலே போய்விடும். முகத்துக்கு நேரே யார் உண்மை சொல்வார்கள்? "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்பார்கள். அதைவிட அவமானம் வேண்டாம்.

இப்படியே தொண்ணூற்றாறு வந்தது. தாணுமாலையன் சாரின் மைத்துனர் மஸ்கட்டிலிருந்து அதே இசைத்தட்டைச் சிடியாகக் கொண்டுவந்தார். நானும் அந்தப் பொங்கலுக்குத்தான் கடைக்குச் சிடி பிளேயர் வாங்கியிருந்தேன். மூவரும் உட்கார்ந்து கேட்டோம். கேசட்டில் அமுங்கிக் கிடந்ததெல்லாம் துலக்கமாகக் கேட்டது. எட்டாவது பாட்டு முடிந்தது. பிளேயர் நின்றது.

"என்ன அண்ணாச்சி, நின்னுட்டு?"

"அவ்வளவுதான் சார், எட்டுதான் போட்டிருக்கு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யார் குரலோ போலக் கேட்டது.

அம்பலவாணன் சார் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தூக்கிட்டாம்லா. கம்பெனிக்காரனுக்கே பொறுக்கல."

தாணுமாலையன் சார் சிரிக்கவில்லை. வாய்க்காலில் மடையை யாரோ களவாண்டுகொண்டு போன மாதிரி முகம் ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு, அம்பலவாணன் சார் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்க, இவர் ஒரு காக்கி உறையோடு வந்தார். லண்டன் கம்பெனிக்கு ஆபீஸ் டைப்ரைட்டரில் இரண்டு பக்கம் கடிதம் அடித்திருந்தார். உங்கள் குழுவின் தலைசிறந்த வாசிப்பை எந்தக் காரணத்தால் நீக்கினீர்கள், இதனுடன் ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது, தக்க நடவடிக்கை எடுக்கவும். ஆதாரமாக ஒன்பதாவது பாட்டை மட்டும் புதுக் கேசட்டில் பதிந்து தரச் சொன்னார்.

பதிந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், ஹெட்டை இரண்டு முறை துடைத்துவிட்டுப் பதிந்தேன். லண்டனில் ஒருவன் இதைப் போட்டுக் கேட்பான். ராயே கேட்டாலும் கேட்பான். போகட்டும், போய்ச் சேரட்டும் என்று ஒரு மனசு அடித்துக்கொண்டது.

கேசட்டை வாங்கிக்கொண்டு சார் இன்னொரு தாளை நீட்டினார். அதில் இரண்டே வரி. இணைக்கப்பட்டுள்ள கேசட், காப்பர் லாந்தர் குழுவின் அசல் இசைத்தட்டிலிருந்து என்னால் எடுக்கப்பட்ட உண்மை நகல் என்று சான்றளிக்கிறேன். கீழே என் பெயர் முழுதாக, சங்கிலிபூதத்தான், உரிமையாளர்.

"எதுக்கு சார் இது?"

"நகல்னா சான்று வேணும்லா. நானே போட்டுக்கிடலாம், ஆனா மனுதாரரே சான்று கொடுக்கப்பிடாது. எடுத்தது நீரு, நீருதான் போடணும்."

பேனாவைத் திறந்து கையில் கொடுத்தார். பதினேழு வருடம் பேசாமல் இருந்தது ஒரு மாதிரி. கையெழுத்துப் போடுவது வேறு மாதிரி. என் பெயரைப் போட்டு, நான் வாசிக்கவில்லை என்று நானே எழுதிக் கொடுப்பதா? பேனாவை மேசையில் வைத்தேன்.

"சார், இது தட்டுலேர்ந்து எடுத்தது இல்ல. எட்டும் தட்டுல உள்ளது. ஒம்பதாவது நான் வாசிச்சது."

தாணுமாலையன் சார் பேனாவை எடுத்து மூடினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்டேட் அதிகாரி, மிச்சமிருந்த நாடா, மத்தியானம், அட்டையில் எழுதிய பொய். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. தாளை எடுத்து இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார்.

"நீரா?" என்றார்.

"ஆமா சார்."

"அதான பாத்தேன்." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எனக்குக் கொஞ்ச நாளாவே ஒரு மாதிரியாத்தான் இருந்தது. ஆரம்பத்துல வருத இழுப்பு இருக்கே, அதுல நம்ம கொடைக் கச்சேரி வாடை அடிக்கும். வெள்ளக்காரன் அப்படி வாசிக்க மாட்டான். பரவாயில்ல அண்ணாச்சி, நம்ம ஊருக்கு இது நல்லாத்தான் இருக்கு."

நல்லாத்தான் இருக்கு. பதினேழு வருடமாக நான் பயந்திருந்த அதே சொல். ஆனால் அதைத் தாணுமாலையன் சார் வாயிலிருந்து கேட்பேன் என்று நினைக்கவில்லை. நாலு தடவை கேட்டுக் கண் சிவந்த மனுஷன். என் முகம் எப்படிப் போயிருந்ததோ தெரியாது, மேசையைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அம்பலவாணன் சார் எழுந்து வந்து கேசட்டை டெக்கில் போட்டார். சரியாக நாலாவது நிமிடத்துக்கு ஓட்டி, மூன்று இடத்தையும் கேட்டார். பிறகு நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் ஏறல?"

"ஒரே ஒரு மேல்கம்பிதான் இருந்தது சார். அந்தச் சுரத்துக்கு இழுத்து அது அறுந்துட்டா வேற கம்பிக்கு மதுரைக்குப் போகணும். மறுநாள் கல்லிடைக்குறிச்சில கச்சேரி."

"கம்பிக்குப் பயந்தேரா, சுரத்துக்குப் பயந்தேரா?"

இந்த மனுஷன் விடமாட்டார். "ரெண்டுக்கும்தான்" என்றேன்.

"அப்பம் நான் சொன்னது சரிதான். பயந்தவன் வாசிப்பு." ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றவில்லை. இப்போது எதிரே நிற்பது நான் என்பதற்காகக் குரலைக்கூடத் தணிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அவர் அதோடு விடாமல் தாணுமாலையன் சார் பக்கம் திரும்பினார். "நீரு என்னவே, திடீர்னு கொடைக் கச்சேரி வாடைங்கீரு? போன வாரம் வரைக்கும் அந்த இழுப்பத்தான் தெய்வம்னு சொன்னேரு. வாசிச்ச ஆளு மாறிட்டா காதும் மாறிருமா?"

"அதுக்கில்லவே. தெரிஞ்ச பொறவு கேட்டா தெரியுதுல்லா."

"என்ன தெரியுது? ஆரம்பத்துல ரெண்டு நிமிஷத்த நான் என்னைக்காவது குறை சொல்லிருக்கனா? நல்லா யோசிச்சுப் பாரும். அந்த ரெண்டு நிமிஷம் ராய்க்கு வராது. நடுவுல ராய் மாதிரி வாசிக்கப் போனாரு பாத்தேரா, அங்கனதான் கெட்டுது."

"ராய்க்கு வராதா? வே, என்ன பேசுதீரு. ராய் எங்க, இவரு எங்க?"

"போட்டுக் கேப்போம்வே. இரும், பைய ஓட்டுதேன்."

கேசட் திரும்ப ஆரம்பத்துக்கு ஓடியது. இருவரும் நாற்காலியை இழுத்து டெக்குக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள். பூதத்தான் இந்த இடத்தில் என்ன செய்கிறார் பாரும் என்கிறார் ஒருவர். பூதத்தான் இங்கே அவசரப்படுகிறார் என்கிறார் மற்றவர். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் அங்கே நிற்பதுகூட அவர்களுக்கு மறந்துவிட்டது. கடைக்கு வந்த ஒரு பெண் லிஸ்ட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்சம் பொறும்மா என்றேன். உள்ளே இரண்டு பேரும் என் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் லண்டனில் இருப்பவன் மாதிரி.