காற்றுக்குப் பட்டா

ஏசி வாங்கப் போகிறவர்கள் அதன் முகத்தைப் பார்ப்பார்கள். நான் முதுகைப் பார்க்கப் போனேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் துல்கர்னைன் மாமா.

மாமா எங்களுக்கு மேற்கு வீடு. சொந்தம் கிடையாது. தெருவில் மூத்த ஆம்பளைகள் எல்லோரும் மாமா என்கிற கணக்கில் மாமா. குற்றாலத்தில் பதினெட்டு ரூம் லாட்ஜ் வைத்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரை அவர் வீட்டுக்கு மேலே வெறும் மொட்டைமாடிதான். ஜூன் மாதம் செங்கோட்டைப் பக்கத்து மலை இடைவெளியில் புறப்படுகிற மேல்காற்று, இடையில் எங்கும் நிற்காமல், அந்த மொட்டைமாடியைத் தாண்டி எங்கள் மாடி ரூமின் மேற்கு ஜன்னல் வழியாக நேரே என் கட்டிலுக்கு வரும். அந்தக் காற்றில்தான் நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தூங்கினேன். பள்ளிக்கூடத்திலும் தூங்கினேன். அதற்குக் காற்று தேவைப்படவில்லை.

அப்புறம் மாமா மேலே ஒரு நீள ஹால் கட்டினார். தகர ஷீட் கூரை. எங்கள் பக்கம், அதாவது கிழக்கே, சுவரே இல்லாமல் முழுக்க இரும்புக் கிரில். மேற்கே மட்டும் தரையிலிருந்து கூரை வரை ஹாலோபிளாக் சுவர், ஒரு ஓட்டைகூடக் கிடையாது. சாரல் உள்ளே அடிக்குமாம். அன்றோடு எங்கள் ரூமுக்குக் காற்று நின்றது. மேலே கான்கிரீட் தளம், பக்கத்தில் தகரம், நடுவில் நான். மத்தியானம் தலையணையைத் தொட்டால் இப்போதுதான் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்.

மரியாதையாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று போனேன். மாமா முக்கு டீக்கடையில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, மேற்க ஒரே ஒரு ஜன்னலாவது வச்சிருக்கலாம்லா. எங்க ரூமுக்குக் காத்தே வர மாட்டேங்கு."

மாமா டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "காத்து என்ன ஒங்க வாப்பா பேர்ல பட்டா போட்ருக்கா லே? வேணும்னா ஏசி வாங்கி மாட்டு."

நாலு பேரும் சிரித்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்த மைதீன் அண்ணனும் சிரித்தார். சிரித்ததில் டீ சிந்தியது. எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் வரவில்லை.

பதில் ஒன்றரை வருஷம் கழித்து, கல்லூரியில், தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் வந்தது. வெப்பம் அழியாது, இடம்தான் மாறும் என்றார் பேராசிரியர். அந்தப் பாடத்தில் எனக்கு அரியர். ஆனால் அந்த ஒரு வரியை என்னைப் போல் உணர்ந்து படித்தவன் அந்த வகுப்பில் இல்லை. வெப்பம் இடம் மாறும். எந்த இடத்துக்கு என்பதை நாம் முடிவு செய்யலாம்.

அதிலிருந்து ஒரு காட்சி என் கண்ணிலேயே நின்றது. ஏசி ஓடுகிறது. அதன் வெளிப்பெட்டி மாமாவின் கிரிலுக்குள் அனலை ஊதுகிறது. மாமா சட்டை நனைய எங்கள் வாசலில் வந்து நின்று, "சூடு தாங்கல லே, அத நிறுத்து" என்கிறார். நான் கதவில் சாய்ந்துகொண்டு, "காத்து என்ன ஒங்க பேர்ல பட்டா போட்ருக்கா மாமா?" என்று கேட்கிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எல்லாம். கண்ணாடி முன்னால் ஐந்து விதமாகச் சொல்லிப் பார்த்து, சிரிக்காமல் சொல்லும் மூன்றாவது விதத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

வழியைத் திறந்துவிட்டது வாப்பாதான். தம்மாமிலிருந்து லீவில் வந்தவர், காற்றாட இருக்கும் என்று மாடி ரூமில் படுத்தார். நாலாம் நாள் தலையணையோடு இறங்கி வந்து, "சவூதியே தேவல" என்றார். மே கடைசியில் ஏசிக்குச் சம்மதம் வந்தது. "அவன் மெக்கானிக்கல்தான படிக்குதான், அவனே பாத்து எடுக்கட்டும்" என்று போனில் சொன்னார். அரியர் விஷயம் தம்மாம் வரைக்கும் போயிருக்கவில்லை.

உம்மாவும் நானும் தென்காசி பஜாரில் கடைக்குப் போனோம். ஜெபசிங் அண்ணாச்சி வரவேற்றார். இருபது வருஷமாக ஏசிக்கு நடுவிலேயே நிற்பதால் வேர்வை என்பதையே மறந்துவிட்ட முகம்.

"ரூம் என்ன அளவு தம்பி?"

"பத்துக்குப் பன்னெண்டு. மேல மொட்டைமாடி."

"மேல வெயில் அடிக்குதுல்லா, ஒன் டன் காணாது. ஒன்றரை டன் போடுங்க. அஞ்சு ஸ்டார், இன்வெர்ட்டர். ரூம் குளுந்ததும் அதுவே கம்மி பண்ணிக்கிடும்."

"கம்மி பண்ணாம ஓடுறது இருக்கா அண்ணாச்சி?"

"என்னது?"

"வெளிய எவ்வளவு சூடு தள்ளும்? அதச் சொல்லுங்க."

அண்ணாச்சி என்னையும் உம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ள எவ்வளவு கூலிங்னுதான் கேப்பாவ. வெளிய உள்ளதக் கேட்டு இன்னைக்குத்தான் ஒரு ஆளு வந்திருக்கு."

"மெக்கானிக்கல் படிக்குதான்" என்றாள் உம்மா பெருமையாக.

நான் வரிசையாக நின்ற வெளிப்பெட்டிகளின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். காற்றாடி பெரிதாக இருக்க வேண்டும். ஸ்டார் குறைவாக இருக்க வேண்டும். அதிகக் கரண்டைத் தின்றால்தான் அதிகச் சூட்டைத் துப்பும். ஓரத்தில், போன வருஷத்து மாடல் ஒன்று தூசி பிடித்து நின்றது. இரண்டு டன், மூன்று ஸ்டார், இன்வெர்ட்டர் கிடையாது. முன்னால் நின்றால் லாரி ரேடியேட்டர் மாதிரி இருந்தது. பார்த்ததும் பிடித்துவிட்டது.

"இது."

"பத்துக்குப் பன்னெண்டு ரூமுக்கு ரெண்டு டன்னா? உள்ள மீன் வைக்கப் போறியா தம்பி?"

உம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. "ஏலே, அஞ்சு ஸ்டார் நல்லதுன்னு அவ்வோ சொல்லுதாவல்லா?"

"உம்மா, ஸ்டார் கூடக்கூட ரிப்பேர் கூடும்" என்றேன். இப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜெபசிங் அண்ணாச்சி மறுக்க வாயைத் திறந்தார். பிறகு, போன வருஷத்து மாடலை வலிய வந்து கேட்பவனை ஏன் திருத்த வேண்டும் என்று நினைத்திருப்பார். மூடிக்கொண்டார்.

மாட்ட வந்தவர் சுடலைராஜ். நியாயமான மனிதர். அதனால் அவரோடு சண்டை போட வேண்டி வந்தது.

"தம்பி, வெளிப்பெட்டிய மொட்டைமாடில வச்சிருவோம். இங்கன மேக்குச் சொவத்துல வச்சா நேரா எதுத்த வீட்டுக்குள்ளலா ஊதும்? நாலடிகூட இல்ல."

"இங்கனயே வைங்க."

"அங்கன கட்டில் கெடக்கு பாருங்க. ஆளு படுக்குத எடம்."

"தெரியும். அந்தக் கட்டிலுக்கு நேரா வைங்க."

சுடலைராஜ் பென்சிலால் சுவரில் குறி வைத்தார். அப்புறம் ஒன்றும் கேட்காமல் துளை போடும் மெஷினை எடுத்தார். பல வீடுகளில் வேலை பார்த்தவருக்குச் சில விஷயங்களை விளக்க வேண்டியதில்லை.

முதல் மூன்று நாள் சொர்க்கம். வெயில் கொளுத்தியது. பதினாறு டிகிரியில் வைத்துவிட்டு ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன். மாமா கட்டிலில் புரண்டார். எழுந்து பனியனைக் கழற்றினார். கட்டிலை இரண்டடி நகர்த்தினார். காற்றாடி அகலமானது, அனல் அங்கேயும் போயிற்று. நாளைக்கு வந்துவிடுவார் என்று குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வாக்கியத்தோடு வாசலில் காத்திருந்தேன்.

நாலாம் நாள் காலையில் மலை காணாமல் போனது. மேகம் இறங்கி, ஊர் முழுக்கச் சாரல். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது என்று போனுக்குப் போன் செய்தி. தென்காசியில் பிறந்து வளர்ந்தவன், ஜூன் முதல் வாரத்தில் ஒருவனைச் சூட்டால் கொல்லத் திட்டம் போட்டிருக்கிறேன். வெளியூர்க்காரன்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டான். அவன் சீசன் எப்போது என்று கேட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவான்.

ஆனாலும் பின்வாங்கவில்லை. வெளியே சாரல், உள்ளே பதினாறு டிகிரி, இரண்டு போர்வைக்குள் நான். தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. உம்மா கதவைத் திறந்து பார்த்து, "ஏலே, கோட்டி பிடிச்சிருச்சா ஒனக்கு? குளுருல கெடந்து நடுங்குத, அதையும் ஓட விடுத" என்றாள். கொள்கை என்று ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். கசாயம் கொண்டுவந்து வைத்தாள்.

ஆறாம் நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் மாமாவின் கட்டிலைக் காணோம். ஜெயித்துவிட்டேன் என்று துள்ளினேன். கட்டில் இருந்த இடத்தில் ஒரு கொடி கட்டியிருந்தது. கொடியில் நாலு துண்டு. மறுநாள் கொடி மூன்றானது. அதற்கு மறுநாள் ஆறு கொடி, அத்தனையிலும் வெள்ளை வெள்ளையாகப் படுக்கை விரிப்பு. ஒவ்வொன்றின் மூலையிலும் லாட்ஜின் பெயர் சிவப்பில்.

சாரல் காலத்தில் எங்கள் ஊரில் துணி காயாது. ஒரு பனியன் மூன்று நாள் தொங்கும். தொங்கிவிட்டு ஈர நாற்றத்தோடு திரும்பி வரும். பதினெட்டு ரூம் லாட்ஜுக்கு அதுதான் சீசனின் பெரிய தலைவலி. அந்தத் தலைவலிக்கு இரண்டு டன்னில், மூன்று ஸ்டாரில், நிறுத்தாமல் ஓடும் மருந்தை நான் தேடிப்பிடித்து, நேர் எதிரே மாட்டிக்கொடுத்திருக்கிறேன். விரிப்புகள் என் காற்றில் படபடத்துக் காய்ந்துகொண்டிருந்தன. மாமாவின் மனைவி ஜாஹிரா பீவி மாமி, காய்ந்ததை மடித்து முகத்தில் வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

இரண்டாவது கொடியின் கடைசியில் நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டை தொங்கியது. எங்கேயோ பார்த்த சட்டை. நான் காலேஜுக்குப் போடுகிற சட்டை.

"உம்மா! என் சட்ட எப்படி அங்க போச்சு?"

"ஜாஹிராதான் ஒங்க துணியவும் கொண்டாங்கன்னு சொன்னா. நல்லா மொறுமொறுன்னு காயுது லே. ஒன் ஜட்டியும் அங்கனதான் கெடக்கு."

போரில் நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாமா வீட்டுக்கு வந்தார். நான் கனவு கண்ட அதே வாசல், அதே மாமா. ஆனால் வேர்வை இல்லை. கையில் ஒரு பை மங்குஸ்தான்.

"ரிஃபாத்து, ஒனக்குத்தான் லே கொண்டாந்தேன். தங்கமான ஏசி எடுத்திருக்க. ஒரு சின்ன ஒதவி. நாளைக்கும் நாளன்னைக்கும் லாட்ஜ் ஃபுல்லு. ராவும் பகலும் நிறுத்திராம ஓட விடுதியா? அம்பது விரிப்பு நனஞ்சு கெடக்கு."

பையை வாங்கிக்கொண்டேன். அப்புறம் புரிந்தது. வாக்கியம் வீணாகவில்லை. நிறுத்தச் சொல்லி வருவார் என்று தயார் செய்தது, ஓடவிடச் சொல்லி வந்தாலும் அப்படியே பொருந்துகிறது. இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. கதவில் சாய்ந்தேன். மூன்றாவது விதம்.

"காத்து என்ன ஒங்க பேர்ல பட்டா போட்ருக்கா மாமா?"

மாமா கண்ணை அகல விரித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார்.

"எப்படிச் சொல்லுதான் பாரு! காத்துக்குப் பட்டாவாம்! எங்கன லே படிச்ச இத?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். நடிப்பு இல்லை. அவருக்கு ஞாபகமே இல்லை. இரண்டு வருஷம் நான் தலைமாட்டில் வைத்துத் தூங்கிய வாக்கியம், அவருக்கு அன்றைய டீயோடு இறங்கிப் போயிருந்தது.

சாயங்காலம் டீக்கடையில் மாமா இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதே ஆட்கள் சிரித்தார்களாம். மைதீன் அண்ணன் என்னைப் பார்த்ததும், "நல்லா பேசுத லே நீ. துல்கர்னைன் வாயவே அடைச்சிட்டியாமே" என்றார். அவருக்கும் ஞாபகம் இல்லை.

அன்றே ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். மெயின் சுவிட்சையும் அணைத்தேன். உம்மா கேட்டதற்கு, கம்ப்ரஸர் மழைக்காலத்தில் ஓய்வெடுக்க வேண்டும் என்று இன்னொரு விதியை உண்டாக்கினேன். சனிக்கிழமை கொடியில் ஐம்பது விரிப்பு அசையாமல் தொங்கியது. நான் ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு மங்குஸ்தானை உரித்துத் தின்றேன். அருமையான பழம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மாமி உம்மாவிடம் சொல்லி அழாத குறை. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம், "அருவியில குளிச்சிட்டு வந்து படுத்தா, பெட்டும் அருவியா இருக்கு" என்று லாட்ஜ் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டு, வேறு இடம் பார்த்துப் போய்விட்டதாம். பின்னாலேயே மூன்று ரூம் காலி. உம்மா என்னை முறைத்தாள். நான் தும்மினேன். இரண்டு நாளாக இல்லாத தும்மல்.

திங்கட்கிழமை காலை டமார் டமார் என்று சத்தம். எழுந்து பார்த்தால், மாமா மடித்துக் கட்டிய லுங்கியோடு நிற்கிறார். இரண்டு கொத்தனார்கள் மேற்குச் சுவரின் ஹாலோபிளாக்கை மேலிருந்து உடைத்து இறக்குகிறார்கள். ஏசிக் காற்று இல்லாவிட்டால் மேல்காற்றுதான் கதி என்று மாமாவுக்குத் தோன்றியிருக்கிறது. பத்து அடி நீளத்துக்குச் சுவரின் மேல்பாதி போனது. சாரல் தெறிக்காமல் இருக்க வெளியே ஒரு சாய்வு ஷீட். கடைசி வரிசை கல் விழுந்ததும் ஆறு கொடியும் ஒரே நேரத்தில் எழுந்து ஆடின. விரிப்புகளைத் தாண்டி, கிரிலைத் தாண்டி, நாலடி இடைவெளியைத் தாண்டி அது என் முகத்தில் வந்து மோதியது. அதே காற்று. லாட்ஜ் சோப்பு வாசம் மட்டும் புதிது.

"காத்து வருதா லே?" என்று மாமா அங்கிருந்து கத்தினார்.

"வருது மாமா."

"பாத்தியா, நான் ஒனக்காகத்தான் ஒடச்சேன்!" என்று சொல்லிவிட்டு, தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார்.

இந்தச் சிரிப்பையும் சேர்த்துக் குறித்துக்கொண்டேன்.

மேல்காற்று செப்டம்பரோடு நின்றுவிடும். மழைக்காலமும் டிசம்பரில் முடியும். மார்ச்சில் தகர ஷீட் காய ஆரம்பிக்கும். அப்போது ஈரவிரிப்பு வெயிலிலேயே அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். கொடிகளுக்கு வேலை இருக்காது. அவிழ்த்துவிட்டு, மாமா கட்டிலைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து போடுவார். பழக்கம் அப்படி.

ரிமோட் பேட்டரி இரண்டையும் ஒரு டப்பாவில் அரிசி போட்டு, அதற்குள் வைத்திருக்கிறேன். ஈரம் படக்கூடாது.