கிரகணத்தில் நறுக்கிய பூசணி

"அந்தக் கை வேணாம்டா. எடது கையால போடு," என்றார் வீரய்யா.

இடது கையால் வாய்க்கரிசி போடுவது எந்த ஊரிலும் வழக்கமில்லை. ஆனால் குட்டையாக வளைந்து, கட்டைவிரல் இல்லாமலிருக்கும் மகனின் வலது கையைவிட அது சுத்தம் என்பது வீரய்யாவின் எண்ணம். சுதாகரன் இடது கையால் அரிசியை அள்ளி அம்மாவின் உதட்டில் போட்டான். உயிரோடு இருந்தபோது, இந்தக் கையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நாகலெட்சுமி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கதை தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்ததுதான். இவன் வயிற்றில் இருந்தபோது, கிரகண நேரத்தில் அவள் கறிக்குப் பூசணிக்காய் நறுக்கினாள். பிள்ளைத்தாச்சி கிரகணத்தில் கத்தியைத் தொட்டால் பிள்ளைக்கு உறுப்புக் குறையுமாம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் பூசணி வந்ததில்லை. அடுத்த பிள்ளை உண்டானபோது, கிரகணத்தன்று கதவைச் சாத்தி, கையைக் கட்டிக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். அந்தப் பெண்குழந்தை முதுகு மூடாமல் பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. "பழைய தோஷம் இன்னும் கழியலடி," என்று அதற்கும் விளக்கம் சொன்னாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா.

நாகலெட்சுமிக்கு வலிப்பு இருந்தது. மாத்திரையை மட்டும் வீரய்யாவே வேளை தவறாமல் அவள் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பார். "நா இல்லாட்டி இவ எப்பவோ போயிருப்பா," என்று கேட்காதவர்களிடமும் சொல்வார்.

டயகமப் பக்கமிருந்து ஒரு வேன் மேலே ஏறி வந்தது. முதலில் மலர்வளையம் இறங்கியது. அடுத்து, மழைத் தூறலுக்கு விரித்த குடை. அதன் கீழே பேராசிரியர் குகநேசன். சின்ன வயதிலிருந்தே சுதாகரனுக்கு அவரைத் தெரியும். வருவார், அவன் கைக்குப் பக்கத்தில் அளவு தெரிய இரும்பு அடிமட்டத்தை வைத்துப் படம் எடுப்பார், அம்மாவிடம் இரத்தம் எடுப்பார், ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். எதற்கென்று கேட்டால் "ஆராய்ச்சி" என்பார். அதற்குமேல் கேட்க யாருக்கும் தைரியமில்லை.

மரண உதவிச் சங்கத்தின் மைக் அவர் கைக்குப் போனது.

"இந்த அம்மையார் விஞ்ஞானத்துக்கு ஆற்றிய தொண்டு அளப்பரியது! கர்ப்பிணி உட்கொள்ளும் வலிப்பு மாத்திரை சிசுவின் கையையும் முதுகெலும்பையும் எவ்வாறு சிதைக்கிறது என்பதை, இந்தத் தாயையும் பிள்ளைகளையும் கொண்டே நான் நிறுவினேன். வெளிநாட்டு மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள்."

இங்கேயும் யாராவது தட்டுவார்கள் என்பதுபோல் நிறுத்தினார். பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்துத் தப்புக்காரர்கள் ஓரடி அடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

சுதாகரன் அவரிடம் போனான்.

"மாத்திரையாலதான்னு ஒங்களுக்கு எப்ப தெரியும், சேர்?"

"உமக்கு மூண்டு வயசா இருக்கேக்கையே விளங்கீட்டுது."

"தங்கச்சி பொறந்தப்ப எனக்கு அஞ்சு வயசு."

"ஓமோம். அந்தப் பிள்ளையோடதான் எங்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போச்சுது."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"தம்பி, கண்டுபிடிக்கிறதுதான் எங்கட வேலை. சொல்லுறதுக்கு வேற பகுதி இருக்கு. மற்றது, சொன்னால் பயந்து மாத்திரையை விட்டிடுவினம்."

"வேற மாத்திரை இருந்துச்சா?"

"இருந்தது." குடையைச் சற்றுச் சாய்த்து வானத்தைப் பார்த்தார். "வெளிச்சம் இருக்கேக்கையே அந்தக் கையை ஒருக்கா…"

பேராசிரியருக்கு உதவியாக வேனில் வந்திருந்த நிலக்ஷி பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தாள். குளிர்ந்த இரும்பு மணிக்கட்டில் பட்டதும் சுதாகரனுக்கு வாயெல்லாம் புளித்த எச்சில் ஊறியது. கையை உருவிக்கொண்டு மழைத் தண்ணீர் ஓடும் கானோரம் போய்த் துப்பினான். துப்பத் துப்ப ஊறியது.

"பரவாயில்லை. பிறகொரு நாள் பாப்பம்," என்றார் பேராசிரியர். வேன் இறங்கிப் போனது.

வீரய்யா பெட்டியின் காலடியில் நின்றிருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் மழையைப் பார்த்தார்கள்.

புதைத்துவிட்டுத் திரும்பியபோது வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. செத்த வீட்டில் மூட்டக்கூடாது. பேச்சியம்மாதான் சோறு கொண்டுவந்தாள். பருப்புச் சட்டியைத் திறந்து வைத்தாள். இன்னொரு சட்டியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, அதையும் திறந்தாள்.

பூசணிக்காய்க் கறி.

"சாப்பிடுங்கண்ணே. ஆறிப்போயிரும்," என்றாள். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

சுதாகரன் வலது கையால் சோற்றைப் பிசைந்தான். நாலு விரலுக்குள் நிற்காமல் பருக்கைகள் தட்டில் உதிர்ந்தன. எதிரே வீரய்யா ஒரு பூசணித் துண்டை எடுத்து வாயில் வைத்தார்.

மெல்லவில்லை. துப்பவுமில்லை. கன்னம் ஒரு பக்கம் புடைத்திருக்க, மகனின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.