கன்றுக் கொல்லையில் குளோவர்

நாலு படி புல் விதைக்கு ஒரு படி குளோவர் விதை. போன ஆகஸ்டில் அப்படித்தான் கலந்து தூவினார்கள். ஆனால் இந்தக் கோடையில் கன்றுகள் மேயும் கொல்லை முழுக்க மூவிலைத் தீவனச் செடியான குளோவர். நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புல். போட்ட நாலு பங்கு எங்கே போயிற்று? இட்சுவேவுக்குப் பிடிபடவில்லை.

பிடிபடவில்லை என்று விட்டுவிடவும் முடியாது. வெறும் குளோவரை மேய்ந்து ஜூலையில் ஒரு கன்று பீப்பாய் போல உப்பிக் கிடந்தது. மருத்துவர் குழாய் விட்டுக் காற்றை எடுத்ததால் பிழைத்தது. அதனால்தான் கொல்லையை மறுபடி உழுதார்கள். வடகோடிக் குளிர் ஊரான பெட்சுகாயில் செப்டம்பர் பிறந்துவிட்டால், முளைக்கிற புல் உறைபனிக்கு முன் வேர் பிடிக்காது. ஆகஸ்ட் முடியப் போகிறது, இன்றைக்கே தூவியாக வேண்டும்.

கணவன் தெய்சோ, அரிசி அளக்கும் சதுர மரப்படியோடு தொழுவத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இந்தத் தடவை அஞ்சுக்கு ஒண்ணு போட்டுப் பாப்போம்."

"பாப்போமா? அடுத்த வருஷமும் கன்னுக்குட்டி வயித்தைத்தான் பாக்கணும்."

"இந்தப் படி அரிசிக்குப் பொய் சொன்னதே இல்லடி."

"அரிசின்னா எல்லா மணியும் ஒரே அளவுங்க. இது அப்படியா?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்தது. சமையலறைக்கு ஓடி, மிளகாய்ப் பொடிக் கரண்டியையும் கறுப்பு அரக்குத் தட்டையும் எடுத்து வந்தாள். ஒரு கரண்டி புல் விதையைத் தட்டில் கொட்டி எண்ணினாள். நீளமாக, உமியோடு, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை மொத்தம் எழுபதுதான்.

குளோவரை எண்ணும் வேலை தெய்சோவுக்கு. கடுகைவிடச் சின்ன உருண்டைகள். இருநூறைத் தாண்டியதும் தும்மினான். விதை பறந்தது.

"முதல்லேருந்து எண்ணுங்க."

"நீ மிளகாய்ப் பொடி போட்ட கரண்டியக் கொண்டாந்துட்டு என்னைச் சொல்றியா?"

இரண்டாம் முறை அறுநூறு வந்தது. அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தான்.

"அப்ப நாலு கரண்டி புல்லுன்னா இருநூத்தி எண்பது. ஒரு கரண்டி குளோவர் அறுநூறு!"

"நாம நாலுக்கு ஒண்ணு போடல. ஒரு புல்லுக்கு ரெண்டு குளோவர் போட்டிருக்கோம்."

"இத்தனை நாளா புல்லு சரியில்லன்னு வெதக்காரனைத் திட்டிட்டிருந்தேன்."

"கணக்கு இன்னும் முடியல." ஜன்னலோரம் ஈரத்துணியில் போன வாரம் பத்துப் பத்தாக விதை கட்டி வைத்திருந்தாள். அதைப் பிரித்துக் காட்டினாள். குளோவர் பத்தும் முளைத்திருந்தது, புல்லில் எட்டுத்தான். ஆக, ஒரு கரண்டிப் புல்லில் உயிருள்ளது ஐம்பத்தாறு.

மூன்று புல்லுக்கு நடுவே ஒரு குளோவர் இருந்தால் கன்றின் வயிறு தாங்கும். அறுநூறு குளோவருக்கு ஆயிரத்து எண்ணூறு புல் வேண்டும். அதை ஐம்பத்தாறால் வகுத்தாள். முப்பத்திரண்டு கரண்டி.

"முப்பத்திரண்டுக்கு ஒண்ணா! நான் அஞ்சுன்னேனே."

"அதான் எண்ணச் சொன்னேன்."

கொல்லைக்குப் போன வருடம் போட்ட அதே பதினாறு படி புல் விதையை அளந்தார்கள். குளோவர் நாலு படிக்குப் பதில் அரைப்படி. டிராக்டரின் விதைத் தொட்டியில் இரண்டையும் கலந்து போட்டால், வண்டி குலுங்கும்போது உருண்டை விதை அடியில் இறங்கிவிடும். அதனால் புல்லை நீளவாக்கில் முதலில் தூவினார்கள். அரைப்படிக் குளோவர் கொல்லை முழுக்கச் சீராகப் பரவ, அதை மணலோடு கலந்து, குறுக்குவாக்கில் தனியாகத் தூவினார்கள்.