பொம்பளைக்கு ஏத்த துப்பாக்கி

"பொம்பளைக்கு ஏத்தது இதுதாம்ப்பா," என்று சொல்லி, கடைக்கார லெஸ்டர் ஒரு குட்டி ரிவால்வரைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தான். சொன்னது மார்லாவிடம் இல்லை, பக்கத்தில் நின்ற அவள் அண்ணன் டெல்பர்ட்டிடம். துப்பாக்கி மார்லாவுக்கு, இடுப்பில் வைத்துக்கொண்டு திரியப்போவது மார்லா, போகப்போகிற உயிரும் மார்லாவுடையது. பேச்சு மட்டும் இரண்டு ஆம்பளைகளுக்குள். காது கேட்காதவளைக் கூட்டிவந்த மாதிரி அவளை ஓரமாக நிறுத்திவிட்டு, பேசினார்கள் பேசினார்கள், அப்படிப் பேசினார்கள்.

ரிவால்வரின் பிடி ரோஸ் நிறத்தில் இருந்தது.

"இது என்ன கலரு?" என்றாள் மார்லா.

"லேடீஸ் எல்லாம் இதத்தாம்மா விரும்புவாங்க," என்றான் லெஸ்டர். "கைல எடுத்தா எடையே தெரியாது. ஹேண்ட்பேக்ல போட்டுக்கிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது."

"ஹேண்ட்பேக்ல சீப்பு, சாவி, மாத்திரைன்னு ஒரு குப்பையே கிடக்கு. அவன் வந்து என் கழுத்தப் புடிக்கும்போது, 'செத்த பொறுய்யா, தேடி எடுத்துக்கறேன்'னு சொல்லச் சொல்றியா?"

டெல்பர்ட் சிரித்தான். "பாத்தியா லெஸ்டர், வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. ரான்டல் இத்தன வருஷம் எப்படித்தான் சமாளிச்சானோ!"

மார்லா சிரிக்கவில்லை. அவள் புருஷனாக இருந்த ரான்டல் எப்படிச் சமாளித்தான் என்பது அவள் வலது மணிக்கட்டைக் கேட்டால் தெரியும். அதற்குள் இரும்புத் தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள். சமையலறைக் கதவு இடுக்கில் அவள் கையை வைத்துச் சாத்தினான் அந்தப் புண்ணியவான். அவள் முடிவெட்டிப் பிழைக்கிறவள் என்று தெரிந்தேதான் சாத்தினான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் இடது கையால் கத்தரிக்கோல் பிடிக்கப் பழகினாள், விவாகரத்து வாங்கினாள், அவன் கிட்டவே வரக்கூடாது என்று கோர்ட்டில் தடையும் வாங்கினாள். தடை வந்தால் அவன் தன் துப்பாக்கிகளையும் ஒப்படைக்க வேண்டும். போலீசில், ஷெரிஃப் ஆபீசில் கொடுத்தால் கிடங்கில் கிடந்து துருப்பிடிக்கும் என்று ரான்டல் மூக்கால் அழுதான். இந்த ஊரில் எல்லாரும் செய்வதுதானே, நம்பிக்கையான ஆள் யாரிடமாவது கொடுத்து வைக்கலாமா என்றான். டெல்பர்ட் எழுந்து, என் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்கிறேன் என்றான். உனக்குச் சம்மதமா என்று ஜட்ஜம்மா மார்லாவைக் கேட்டாள். கூடப்பிறந்த அண்ணன் பெட்டியைவிடப் பத்திரமான இடம் எது இருக்கிறது? சம்மதம் என்றாள்.

அதிலிருந்து ராத்திரி தூக்கமாவது வந்தது. ரான்டல் வண்டியை அவள் கடைக்கு எதிரே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பான். போலீஸ் வந்தால், பெட்ரோல் போட வந்தேன் என்பான். இருந்தாலும் அவன் கையில் துப்பாக்கி இல்லை, அந்த ஒரு தைரியத்தில்தான் அவள் தினமும் கடையைத் திறந்தாள். தனக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்று டெல்பர்ட்டிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். "உனக்கா? உன் கால்லயே சுட்டுக்குவ," என்று கேலிதான் மிச்சம். அப்படிப்பட்டவன் இன்று காலையில் அவனாகவே வந்து வண்டியின் ஹாரனை அடித்தான். "கிளம்பு புள்ள, உனக்கு ஒண்ணு வாங்கிடலாம்" என்றான். ஐயாவுக்குத் திடீரென்று என்ன அக்கறை என்று அவளுக்கே ஆச்சரியம்.

"சுட்டுப் பாக்காம எதையும் வாங்க மாட்டேன்," என்றாள்.

கடைக்குப் பின்னாலேயே சுட்டுப் பழகும் கூடம். காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு, அந்த ரோஸ் சனியனை இடது கையில் பிடித்து, வலது கையை அணைகொடுத்து விசையை இழுத்தாள். இழுக்கிறாள் இழுக்கிறாள், வரவே மாட்டேன் என்கிறது. கடைசியில் வெடித்தபோது அது உதைத்த உதையில் தகடு வைத்த மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரே தொங்கிய தாளில் ஒரு ஓட்டையும் இல்லை. குண்டு எங்கே போனதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"பழகப் பழகச் சரியாயிடும்," என்றான் டெல்பர்ட்.

"நீ சுடு பாப்போம்."

சுட்டான். அவனும் முகத்தைச் சுளித்தான்.

"லேசா இருந்தா நல்லா உதைக்கும்னு ரெண்டு பேருக்கும் தெரியும்," என்றாள் மார்லா. "தெரிஞ்சும் இத என் தலைல கட்டப் பாத்தீங்க. அந்தப் பெரிசக் குடு லெஸ்டர். கருப்பா, கனமா, கடைசில இருக்கே, அது."

"அது ஆம்பளைங்க சைஸும்மா. இடுப்புல வச்சா துருத்திக்கிட்டு நிக்கும்."

"காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஏப்ரன் கட்டிக்கிட்டு நிக்கறவ நான். அதுக்கு உள்ள ஒரு பன்னிக்குட்டியே வச்சாலும் தெரியாது. குடு."

கனமான பிஸ்டல்தான். இடது கையில் அடங்கியது. தோட்டாவை ஏற்ற, துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுக்க வலது கைக்குத் தெம்பில்லை. அதனால் வலது கையால் ஸ்லைடை அசையாமல் பிடித்துக்கொண்டு, இடது கையால் துப்பாக்கியை முன்னே தள்ளினாள். டக்கென்று ஏறியது. சுட்டாள். கனமே பாதி உதையை வாங்கிக்கொண்டது. மறுபடி சுட்டாள், மறுபடி, தோட்டா தீரும் வரை. தாளில் இருந்த மனித உருவத்தின் நெஞ்சில் ஓட்டைகள் கொத்தாக விழுந்திருந்தன.

"அடி சக்கை!" என்று லெஸ்டர் கைதட்டினான். அவனுக்கு வாய் மூடியே பழக்கமில்லை. "ரான்டல விட நல்லா சுடறியே! செவ்வாய்க்கிழமை அவன் இதே இடத்துல நின்னு..."

அத்தோடு நிறுத்திக்கொண்டான். ஆனால் மார்லா காதுமூடியை ஏற்கெனவே கழற்றியிருந்தாள்.

"எந்தத் துப்பாக்கில சுட்டான்?"

லெஸ்டர் டெல்பர்ட்டைப் பார்த்தான். டெல்பர்ட் தரையைப் பார்த்தான்.

"அண்ணே. அவன் எந்தத் துப்பாக்கில சுட்டான்?"

"கத்தாத புள்ள. சீசனுக்காகக் குடுத்தேன். அடுத்த சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குது. நம்மப்பனும் அவங்கப்பனும் ஒரே கூடாரத்துல கிடந்தவங்க. எல்லாரும் ரைஃபிளத் தூக்கிட்டுப் போவோம், அவன் மட்டும் வெறுங்கையோட அடுப்பு பத்த வச்சிக்கிட்டு உக்காந்திருப்பானா? ஒரு மாதிரி இருக்காதா? சீசன் முடிஞ்ச மறுநாள் கொண்டாந்து வச்சிடறேன்னு கையடிச்சுக் குடுத்தான்."

"இந்தக் கூடத்துல கைத்துப்பாக்கிதான சுடுவாங்க. ரைஃபிளு மான் சுட. கைத்துப்பாக்கி எதுக்கு?"

"அடிபட்ட மான் துடிச்சிட்டுக் கிடந்தா, கிட்டப் போயி..."

"லெஸ்டர்! செவ்வாய்க்கிழமை அவனுக்கு எந்தத் தாள மாட்டிக் குடுத்த? மான் படமா?"

லெஸ்டர் தலையைச் சொறிந்தான். "அவன் கேட்டது... இதே தாள்தாம்மா."

மார்லா திரும்பி அந்தத் தாளைப் பார்த்தாள். தலை, தோள், நெஞ்சு.

"மானுக்குத் தோளு இருக்காடா டெல்பர்ட்?" என்றாள். பிறந்ததிலிருந்து அண்ணனை அவள் 'டா' போட்டதில்லை. "ரெண்டு கால்ல நிக்குமா மானு? முடிவெட்டிப் பொழைக்குமா?"

"அவன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான். கோவக்காரன்தான், ஆனா..."

"அப்ப எனக்கு எதுக்கு இன்னிக்குத் துப்பாக்கி வாங்க வந்த?"

இத்தனை வருஷம் சிரித்துத் தள்ளியவன் இன்று ஹாரன் அடித்த ரகசியம் இதுதான். ரான்டலுக்குத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்துவிட்டான், அப்புறம் மனசு உறுத்தியிருக்கிறது. உறுத்தியதும் போய்த் திரும்ப வாங்கினானா? மாட்டான். வேட்டைக்காரக் கூட்டத்தில் முகம் சுண்டிப்போகுமே! அதற்குப் பதிலாகத் தங்கைக்கு ரோஸ் நிறத்தில் ஒரு பொம்மை. அவள் கடை திறந்த ஒவ்வொரு காலையும் இவன் பெட்டியை நம்பித் திறந்தாள், பெட்டியோ செவ்வாய்க்கிழமைக்கு முன்பே காலி. அவளிடம் ஒரு வார்த்தை சொன்னானா, படுபாவி?

"போன எடு. ஷெரிஃப் ஆபீசுக்குப் போடு. நீயே சொல்லு."

"ஐயோ மார்லா, என்னையும் உள்ள தள்ளிடுவாங்க! என் துப்பாக்கி எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுவாங்க. நானே போயி இன்னிக்கே வாங்கிட்டு வந்துடறேன். வீட்டு விஷயம், நமக்குள்ள முடிச்சுக்கலாம்."

"நீ கேட்டதும் குடுத்துடுவானா? நான் சொல்லி அனுப்பிச்சேன்னுதான் நெனப்பான். நேரா என் கடைக்குத்தான் வருவான்."

அவளே எண்ணைப் போட்டாள். எடுத்த ஆளிடம் தன் பெயரையும் தடை உத்தரவையும் சொன்னாள். ரான்டல் கையில் துப்பாக்கி திரும்ப வந்துவிட்டது என்று சொன்னாள். அதை அவனுக்கு யார் கொடுத்தது என்று அந்த ஆள் கேட்டதும், போனை டெல்பர்ட்டிடம் நீட்டினாள். அவன் வாங்கினான், காதில் வைத்தான், வாயைத் திறந்தான். ஒரு சத்தமும் வரவில்லை. "ஹலோ, ஹலோ" என்று அந்தப் பக்கம் கூப்பிடுவது வெளியே கேட்டது. அவன் போனை மெதுவாகக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டான்.

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன். கதவில் சிக்கிய கையோடு அவளை வண்டியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்த அண்ணனும் இவன்தான். மார்லா போனை எடுத்தாள்.

"டெல்பர்ட்," என்றாள். "என் அண்ணன். இங்கதான் நிக்கறாரு. ஆள அனுப்புங்க, நாங்க லெஸ்டர் கடையில இருக்கோம்."

பிறகு லெஸ்டர் பக்கம் திரும்பினாள். "அந்தப் பெரிசுக்குப் பில்லு போடு. என் காசு, எவனும் பைய எடுக்க வேணாம். இடுப்புல மாட்டற உறை ஒண்ணும் குடு, இடது பக்கம் வைக்கிற மாதிரி."

லெஸ்டர் மறுபேச்சில்லாமல் கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் தட்டி அனுமதி வாங்கினான். கடைக்குள் தோட்டா போடக் கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. அவள் அங்கேயே நின்று ஒவ்வொன்றாகப் போட்டாள். லெஸ்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

வாசலைப் பார்த்தபடி கிடந்த பெஞ்சில் மார்லா உட்கார்ந்தாள். வெளியே ஏதோ ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. போலீஸ் வண்டியா, வேறு வண்டியா, தெரியவில்லை. டெல்பர்ட் வாசலுக்கு நேரே நின்று, அழுத கண்ணோடு எட்டிப் பார்த்தான்.

"அங்க நிக்காத," என்றாள் மார்லா. "வர்றது அவனா இருந்தா, நீ நடுவுல நிப்ப. உனக்காக நான் துப்பாக்கிய இறக்க மாட்டேன்."

டெல்பர்ட் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சுவரோரமாக நகர்ந்து நின்றான்.