முனையை எங்கே தூக்குவது?

1.

இந்தக் கதையை நான் ஜப்பானின் தகாஓகா ஊர்ப் பொதுக் குளியலறையில் திருடினேன். கழுத்துவரை வெந்நீரில் அமிழ்ந்திருந்த என் பழைய ஆலையின் கமேதா, பக்கத்திலிருந்தவரிடம் அலுமினியக் குழாய்களைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். ஆவி எவ்வளவு அடர்த்தி என்றால், அவர் பேச்சு என் காதுக்கு வந்துசேரவே கால்மணி நேரம் பிடித்தது. (பணி ஓய்வு பெற்றவனுக்குக் கூட்டிச் சொல்ல உரிமை உண்டு.)

2.

முதல் தொடக்கம்: 'மினாதோ ஓரியே கனவு காணும் கண்களை உடைய—'

வேண்டாம். கமேதாவின் குழுவில் குழாய் இணைப்பவள் அவள்; படித்தால் உதைப்பாள்.

இரண்டாவது: ஓரியே இரண்டு குழாய்களை முட்டவைத்து, அவை சேரும் கோட்டில் சுழலும் எஃகு முனையை இறக்கினாள். உரசிய சூட்டில் அலுமினியம் உருகவில்லை. இடித்த மோச்சி அரிசி மாவாகக் குழைந்தது. குழாய் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்க, ஒன்றின் தூக்கத்துக்குள் மற்றொன்று நழுவியது. தத்தெயாமா மலை இரண்டடி நகர்ந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தது.

(மலை நகரவில்லை. ஆனால் நகர நினைத்தது.)

3.

சிக்கல் இதுதான். ஒரு சுற்று முடிந்ததும் முனையைத் தூக்கியாக வேண்டும். தூக்கிய இடத்தில் குழி விழும். தட்டையான தகடென்றால் ஓரம்வரை ஓட்டி, அந்த ஓரத்தை வெட்டிப் போடலாம். வட்டத்துக்கு ஏது ஓரம்?

ஓரியே ஒரு வழி கண்டிருந்தாள். குழாயின் மேல் ஆப்பு வடிவ அலுமினியத் துண்டு ஒன்றைப் பட்டை போட்டு இறுக்கியிருந்தாள். முனை அதன் சரிவில் ஏறி, துண்டின்மேல் நின்று விலகும். குழி துண்டோடு போய்விடும். பிறகு துண்டை அறுத்துவிடலாம்.

"போன வாரம் முனைய ஆழமா இறக்கி, குழாயையும் உள்ள முட்டுக்கொடுத்த உருளையையும் சேத்துக் கல்யாணம் பண்ணி வச்சீங்களே, மினாதோ-சான். இன்னும் பிரிக்க முடியல" என்றார் அவள் குழுத் தலைவர் கமேதா.

"நல்ல ஜோடி தலைவரே. உங்க வீட்ட விட ஒத்துமையா இருக்காங்க."

"இன்னிக்கும் சொதப்பினா மெஷின் ஒசாகா கிளைக்குப் போயிடும். நீங்க பெட்டி கட்டுற பக்கம் போகணும்."

"தெரியும். வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க."

(கமேதாவைக் கெட்டவராக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. திட்டிக்கொண்டே பட்டையின் திருகை இன்னொரு முறை இறுக்கினார்.)

4.

முடிவு அ: துண்டு வழுக்குகிறது. முனை குழாயிலேயே— எழுதக் கை வரவில்லை.

முடிவு ஆ: வாடிக்கையாளர்கள் ஆரவாரிக்க, ஓரியே குழாய்மேல் ஏறி நடன— சே. எங்கள் ஆலையில் யாரும் கைதட்டிக்கூடக் கேட்டதில்லை.

இதுவரை எழுத முடிந்தது: முனை சரிவில் ஏறியது, தூக்கத்தில் மாடிப்படி ஏறுகிறவனைப் போல, ஒரு தடுமாற்றமும் இல்லாமல். உச்சியில் விலகியது. குழி துண்டில்.

கமேதா ரம்பத்தை நீட்டினார். "மேல அறுத்தா மேடு தங்கும். கீழ அறுத்தா குழாய் போச்சு."

"நீங்களே அறுங்களேன்."

"காலைல காப்பி குடிக்கல."

5.

இந்தப் பத்திதான் நான் இறுக்கிக் கட்டிய ஆப்புத் துண்டு. கதையை விட்டு நான் வெளியேறும் குழி இதில் எங்கோ விழுந்திருக்கிறது. ஓரியே ரம்பத்தை வாங்கவில்லை, உங்களைப் பார்க்கிறாள். எந்த வரியில் ரம்பத்தின் பல்லை வைக்கிறீர்களோ, அவளுடைய மெஷின் அங்கே தங்கும், அல்லது போகும். மெதுவாக அறுங்கள். குழாய் இன்னும் சூடாகத்தான்—