லீப் வருடப் பிழை

எங்கள் கணினி நிரல்மொழியின் அடிப்படை நூலகத்தில் எந்தெந்த நீட்சி நிரல்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் குழுவுக்கு நான் தலைவன். தேதிகளைக் கணக்கிடும் நீட்சி ஒன்றைத் தம்பி எழுதியிருந்தான். லீப் வருடத்தில் ஒரு நாள் உதைக்கிறது என்று சொல்லி ஏழு வருடமாக அதைத் தள்ளிக்கொண்டே வந்தேன். சொந்தத் தம்பிக்குச் சலுகை காட்டினான் என்று ஒருத்தனும் வாய் திறந்துவிடக் கூடாது.

தம்பி இறந்த மூன்றாம் மாதம் அது மறுபடி வாக்கெடுப்புக்கு வந்தது. எல்லாரும் மளமளவென்று கை தூக்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்தவன்னு இரக்கப்பட்டு ஓட்டுப் போடாதீங்க. நூலகத்துல ஒரு தடவை ஏத்திட்டா இறக்க முடியாது. அந்தப் பிழை என்னாச்சு?"

குழுவில் இருந்த தம்பி மனைவி தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"இவங்க எல்லாரும் பாத்துட்டுதான் கை தூக்குறாங்க, மாமா. நீங்கதான் பாக்கல."

நான் பிழையைப் பதிவு செய்திருந்த பக்கம் அது. அதன் கீழே, அதே தேதியில், தம்பியின் பதில் இருந்தது.

"சரி பண்ணிட்டேன். இப்போ பாருண்ணா."

அதற்கும் கீழே, நான் பதில் எழுத வேண்டிய கட்டம் ஏழு வருடமாகக் காலியாகக் கிடந்தது.